மதகு ஒரு கையில், அளவு யார் கையில்?

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் திருத்துறைப்பூண்டித் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "அதிகாரம் முழுவதும் ஓரிடத்தில் இருந்தாலும், அதனால் விளையும் நன்மை எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டால் போதாதா? அதிகாரத்தையும் பகிர வேண்டும் என்று கோட்பாட்டாளர்கள் ஏன் வற்புறுத்துகிறார்கள்? மேட்டூர் மதகை ஊருக்கு ஒரு சாவி என்று பிரித்துக் கொடுக்க முடியுமா?" கடைசி வரி கிண்டலாகக் கேட்கப்பட்டது போலத் தெரிகிறது. ஆனால், தம்பி, உங்கள் கேள்வியில் கனமான பகுதி அதுதான். ஆகையால் அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதிகாரம் ஓரிடத்தில் குவிவதை எந்த நிலையிலும் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆற்றுப் பாசனத்தை நம்பிப் பிழைக்கும் ஊர்க்காரன் அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் அதிகாரத்தை வைத்திருப்பவரே பலனை அளப்பவராகவும் இருந்து, அளவு குறைந்தபோது கேட்பதற்கு வாங்குபவருக்கு ஒரு வழியும் இல்லாமற்போனால், அந்தப் பகிர்வு கொடுப்பவருக்கு வசதிப்படும் வரைதான் நடக்கும். இந்தத் துறையின் நூல்கள் வெவ்வேறு சொற்களில் சுற்றிவருவது இந்த ஓர் இடத்தைத்தான் என்பது, கல்லூரியில் பல ஆண்டுகள் அரசியல் அறிவியல் பாடம் நடத்திய என்னுடைய வாசிப்பு.

அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர் ஏன் எதையாவது பகிர வேண்டும்? இதற்கு நம்மிடம் மிகப் பழைய விடை ஒன்று இருக்கிறது. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் மா என்னும் சிறு நில அளவுக்கும் குறைந்த நிலத்து நெல்லே யானைக்குப் பல நாள் வரும். நூறு வயலானாலும் யானை தனியே புகுந்து மேய்ந்தால் அதன் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே அதிகம் என்று வருகிறது. வரி வாங்கும் நெறியை அறிந்த அரசனுக்குக் கோடிக்கணக்கில் பொருளும் சேரும், நாடும் செழிக்கும் என்பது புலவரின் வாதம். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மன்சர் ஓல்சன் 1993-இல் எழுதிய கட்டுரையில் போடுவதும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஊர் ஊராகச் சுற்றிக் கொள்ளையடிப்பவன் விதைநெல்லையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போவான். அடுத்த ஆண்டு அங்கே விளைகிறதா என்பது அவன் கவலையன்று. அதே கொள்ளையன் ஓரிடத்தில் நிலையாகத் தங்கி, மற்றக் கொள்ளையரை உள்ளே விடாமல் தடுத்து, தான் எடுப்பதற்கு வரி என்று பெயரும் வைத்துவிட்டால், விளைச்சல் கூடினால் தன் பங்கும் கூடும் என்பதால் எடுப்பதை ஓர் அளவோடு நிறுத்துவான், வாய்க்காலும் வெட்டிக் கொடுப்பான். 1920-களில் சீன மக்கள் சில போர்ப்பிரபுக்களைச் சகித்துக்கொண்டது ஏன் என்று யோசித்தபோது ஓல்சனுக்கு இந்த எண்ணம் உருவானது.

அழகான கணக்குதான், ஆனால் அதில் ஓட்டை உண்டு. தங்கிவிட்ட கொள்ளையன் தன் நாற்காலி அடுத்த ஆண்டும் நிலைக்கும் என்று நம்பும் வரைதான் அளவோடு எடுப்பான். நம்பிக்கை போன அன்று அவனும் சுற்றித் திரியும் கொள்ளையனாகிவிடுவான் என்பதை ஓல்சனே சொல்கிறார். தவிர, அவன் நிறுத்திக்கொள்ளும் அளவு அவனுக்கு மிக அதிகமாகக் கிடைக்கும் அளவு. உழுபவனுக்கு மிஞ்சுவது அவன் ஏரைப் போட்டுவிட்டு ஓடிவிடாமல் இருக்கப் போதுமானது. பிசிராந்தையாருக்கும் இந்த ஆபத்து தெரிந்திருந்தது. அரசன் அறிவு குறைந்தவனாகி, தரம் அறியாத ஆரவாரச் சுற்றத்தோடு சேர்ந்து குடிகளைப் பிழிந்தால் தானும் உண்ணமாட்டான், நாடும் கெடும் என்று அதே பாட்டில் எச்சரிக்கிறார். யானையை யார் வயலிலிருந்து விரட்டுவது என்பதற்கு மட்டும் அங்கே வழி சொல்லப்படவில்லை. அரசனிடம் பாடப்பட்ட பாட்டில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அந்த இடைவெளியைப் பிற்காலக் கோட்பாடுகளில் ஒன்று வேறு விதமாக அணுகியது. புவேனோ டி மெஸ்கீட்டா உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 2003-இல் முன்வைத்த விளக்கத்தின்படி, ஆட்சியாளர் நல்லவரா கெட்டவரா என்று பார்ப்பதைவிட, அவர் பதவியில் நீடிக்க எத்தனை பேருடைய ஆதரவு தவறாமல் தேவை என்று பார்ப்பது பயன் தரும். நூறு பேர் போதுமென்றால் அந்த நூறு பேரின் வீட்டுக்கு நேரடியாகப் பொன்னும் பதவியும் அனுப்புவது மலிவு. பத்து லட்சம் பேர் வேண்டுமென்றால் வீட்டுக்கு வீடு அனுப்பிக் கட்டுப்படியாகாது. சாலை, பள்ளி, மருத்துவமனை, தண்ணீர் என்று பொதுவாகக் கொடுப்பதுதான் சிக்கனம். ஆகவே பலன் பரவலாகப் போவது கொடை மனத்தைப் பொறுத்ததன்று, எத்தனை பேரின் சம்மதம் தேவை என்பதைப் பொறுத்தது என்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி எல்லா அட்டைதாரர்களுக்கும் பொதுவாக இருப்பதை இந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும்.

டெல்டாவில் இந்த விவாதம் சிங்கப்பூரைத் தொடாமல் முடிவதில்லை. வீட்டுக்கு ஒருவர் அங்கே போய்வந்த தெருக்கள் இங்கே உண்டு. ஒரே கட்சி நீண்ட காலமாக ஆள்கிறது, ஆனால் 1960-இல் தொடங்கிய வீடமைப்பு வாரியத்தின் குடியிருப்புகளில் அந்நாட்டவருள் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் வாழ்கிறார்கள். அதிகாரம் குவிந்தும் பலன் பரவியதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே ஒருவருடைய மத்திய சேமநிதிக் கணக்கு அவரவர் பெயரில், அவரவர் பார்க்கக்கூடிய எண்ணிக்கையோடு இருக்கிறது. தேர்தலும் நேரத்துக்கு நடக்கிறது. இன்னொன்றையும் நம் ஊர்க்காரர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். வேலை அனுமதிச் சீட்டில் அந்தக் கட்டடங்களைக் கட்டப் போன மன்னார்குடிப் பையனுக்கு அந்த வீடு கிடைப்பதில்லை. அவன் விடுதியில் தங்குகிறான். பகிர்வுக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு, அந்தக் கோட்டை இழுக்கும் உரிமை பகிரப்படவில்லை.

அமெரிக்க மாநிலமான அலாஸ்காவின் அனுபவம் இதைவிடக் கூர்மையானது. எண்ணெய் வருமானத்துக்காக 1976-இல் அங்கே ஒரு நிரந்தர நிதியை அரசியல் சட்டத்திலேயே ஏற்படுத்தினார்கள். 1982 முதல் அங்கே குடியிருக்கும் தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் பங்குத்தொகை வருகிறது. ஆனால் பங்குத்தொகையைக் கணக்கிடும் முறை சாதாரணச் சட்டத்தில்தான் இருந்தது. 2016-இல் வரவுசெலவு நெருக்கடி வந்தபோது ஆளுநர் ஒரு கையெழுத்தில் அதை ஏறக்குறைய பாதியாக்கினார். நீதிமன்றமும் அது செல்லும் என்றது. பிஸ்மார்க்கின் ஜெர்மனியில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஒரு பக்கம் சோசலிசக் கட்சியைத் தடை செய்துவிட்டு, மறுபக்கம் தொழிலாளரை அரசோடு பிணைத்துக்கொள்வதற்காக 1883-இல் நோய்க் காப்பீடு கொண்டுவந்தார். சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளரே கட்டியதால் காப்பீட்டு நிதியங்களின் நிர்வாகத்திலும் அதே விகிதத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. காலப்போக்கில் அவர் யாரை ஒடுக்க நினைத்தாரோ அந்தக் கட்சிக்காரர்களே அவற்றுள் பலவற்றில் வந்து உட்கார்ந்தார்கள். அலாஸ்காக்காரருக்குக் கிடைத்தது காசோலை. ஜெர்மன் தொழிலாளிக்குக் கிடைத்தது கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் நாற்காலி.

இனி நம் மண்ணுக்கு வருவோம். காவிரிப் படுகையில் அதிகாரக் குவிப்பு என்றதும் முதலில் நினைவுக்கு வருபவன் முதலாம் இராசராசன். அவன் காலத்தில் நிலம் முழுவதும் அளக்கப்பட்டது; வேலி என்ற நில அளவின் மிக நுண்ணிய பின்னம் வரை கல்லில் வெட்டிவைத்தார்கள். ஆறுகளையும் வாய்க்கால்களையும் எல்லையாகக் கொண்டு வளநாடுகள் என்னும் பெரும்பிரிவுகள் வகுக்கப்பட்டன. அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் இடைப்பட்டது உய்யக்கொண்டார் வளநாடு. வரித் துறையான புரவுவரித் திணைக்களம் கணக்கு வைத்தது. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சோழமண்டலத்து ஊர்களிலிருந்து மட்டுமின்றி ஈழத்து ஊர்களிலிருந்தும் நெல்லும் காசும் வந்தன. வந்த செல்வம் அங்கேயே பூட்டிவைக்கப்படவில்லை. கோயில் பண்டாரத்துக் காசை ஊர்ச் சபைகள் கடனாகப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம், பொலிசையாக (வட்டியாக) செலுத்தின. மையத்துக்கு ஏறிய உபரி முதலாக மாறி ஊருக்கு இறங்கியது என்று இதை வாசிக்கலாம். சோழ அரசு எவ்வளவு தூரம் மையப்பட்டிருந்தது என்பதில் அறிஞர்களுக்குள் நீண்ட சண்டை உண்டு. நீலகண்ட சாஸ்திரியார் வலுவான மைய அரசைக் கண்டார்; பர்டன் ஸ்டைன் 1980-இல் அது துண்டு துண்டான நாடுகளின் மேல் சடங்குத் தலைமை மட்டுமே என்றார்; நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுச் சொற்களை எண்ணிப் பார்த்து ஸ்டைனின் சித்திரம் பொருந்தவில்லை என்று காட்டினார்கள். நான் பின்னவர்கள் பக்கம்.

ஆனால் அந்தப் பகிர்வு யாரிடம் வந்து நின்றது? பெரிய கோயில் கல்வெட்டில் ஓர் ஊரின் வரி நிலத்தைக் கணக்கிடும்போது ஊர்நத்தம், ஸ்ரீகோயில், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு ஆகியவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்வார்கள். சேற்றில் இறங்கி நெல்லை விளைவித்தவர்கள் அந்தக் கணக்கில் வருவது கழித்தல் இனத்தில். நாம் பெருமையோடு சொல்லும் உத்திரமேரூர்க் குடவோலையிலும், அது தொண்டைமண்டலத்து ஊராயினும், வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வைத்திருப்பவரின் பெயரே பொதுவாக ஓலையில் ஏறும். அதே கல்வெட்டில் கணக்குக் காட்டாமல் போன வாரிய உறுப்பினரையும் அவருடைய உறவினரையும் இனி ஓலையில் எழுதக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. அந்த விதியைச் செய்தவர்களின் அறிவை நான் வணங்குகிறேன். ஆனால் கணக்குக் கேட்கும் உரிமை நிலம் உள்ளவரோடு நின்றது, பலனும் அங்கேயே நின்றது.

இங்கேதான் அதிகாரப் பரவலை மட்டுமே போற்றுபவர்களோடு எனக்கு மாறுபாடு. ஊரிடம் அதிகாரம் இருந்தால் போதும், நியாயம் தானாக வரும் என்பவர்கள் கீழத்தஞ்சையின் வரலாற்றைப் படிக்க வேண்டும். பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்தது தொலைவில் இருந்த அரசு அன்று. ஊருக்குள்ளேயே இருந்த நிலவுடைமையாளரான மிராசு. அந்தக் கொடுமையை எதிர்த்து 1940-களில் பி. சீனிவாசராவ் முதலியோர் விவசாயிகளைச் சங்கமாகத் திரட்டினார்கள். அதன் அழுத்தத்தில் 1952-இல் சென்னை அரசு தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, குத்தகைக்காரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்காவது கிடைக்க வேண்டும் என்றது. ஊர் அதிகாரத்தை உடைக்க மேலிருந்து ஓர் அதிகாரம் தேவைப்பட்டது உண்மை. ஆனால் அந்த மேலதிகாரத்தை அசைத்தது சங்கம் என்பதும் உண்மை. சட்டம் வந்து 16 ஆண்டுகளுக்குப் பின்பும், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி பிடித்தவர்களின் சேரியான கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். சென்னையில் இயற்றிய சட்டம் வயலுக்கு நீர் விடும் கண்ணாற்றின் கரை வரை நடந்துவர எவ்வளவு காலம் பிடித்தது என்பதை இந்தத் தேதியைக் கொண்டு அளந்துகொள்ளலாம்.

பிரெஞ்சு அறிஞர் டாக்வில் 1835-இல் செய்த ஒரு பாகுபாடு இங்கே உதவும். நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம், பாதுகாப்பு, வெளியுறவு ஆகியவை ஓரிடத்தில் இருப்பது ஒரு வகைக் குவிப்பு. அது இல்லாமல் நாடு வாழாது என்றார். ஒவ்வோர் ஊரின் அன்றாடக் காரியமும் அதே இடத்தில் முடிவாவது இன்னொரு வகை. அது மக்களைக் கையாலாகாதவர்களாக்கும் என்றார். குடிமராமத்துக்கு நேர்ந்தது இதற்குச் சான்று. ஊர்க் கட்டுப்பாட்டில் வழக்கமாக நடந்துவந்த கரை வேலையை 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கட்டாய உழைப்பாக எழுதிவைத்தார்கள்; ஊரின் கடமை அரசின் உத்தரவாக மாறிய பிறகு, தூர்வாருவதற்கு அரசாணையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் பழக்கம் நமக்கு வந்து சேர்ந்தது.

டாக்வில் சொன்ன இரண்டாவது வகையைப் பார்க்க இன்று களத்துமேட்டுக்குப் போனால் போதும். அரசு நேரடிக் கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நாடு முழுவதற்கும் ஒரே விதி. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதும் ஊர் இது. மழை பிடித்துவிட்டால் விதியைத் தளர்த்தும்படி மாநில அரசு டெல்லிக்கு எழுதும். அங்கிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். அனுமதி வருவதற்குள் சாலையில் கொட்டிவைத்த நெல் முளைவிட்டுவிடும். பலன் பகிரப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆதரவு விலையும் உண்டு, பணம் வங்கிக் கணக்குக்கும் வருகிறது. எங்கள் பக்கத்துக் கொள்முதல் நிலையம் ஒன்றில், வரிசையில் மூன்று நாள் காத்திருந்த ஒரு பெரியவர், ஈரப்பதமானியில் தெரிந்த எண்ணைத் தன்னிடம் காட்டும்படி கேட்டார். "ஐயா, மாய்ஸ்சர் இருபதுக்கு மேலே இருக்கு, காயவைத்துக் கொண்டு வாருங்கள்" என்று பதில் வந்ததே தவிர, கருவி அவர் பக்கம் திரும்பவில்லை. 20 என்பது மெய்யாகவே இருக்கலாம். அவருடைய குறை அந்த எண்ணைப் பற்றியது அன்று என்று எனக்குத் தோன்றியது.

மத்திய மாநில நிதிப் பகிர்விலும் இதே சிக்கல் பெரிய அளவில் இருக்கிறது. வரி வசூலிப்பதில் மையத்துக்கு வசதி அதிகம் என்பதால் வசூல் அங்கே குவிந்திருப்பதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. பகிர்வதற்கு அரசியல் சட்டத்தின் 280-ஆம் பிரிவு நிதிக்குழுவை வைத்திருக்கிறது. 15-ஆவது நிதிக்குழு பகிரத்தக்க தொகுப்பில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்றது. ஆனால் மேல்வரியும் கூடுதல் வரியும் அந்தத் தொகுப்புக்குள் வராது. தொகுப்பில் எது சேரும் என்பதை மாற்றக்கூடியவர் மையம் என்றால், 41 என்ற எண்ணைத் தொடாமலேயே பங்கைக் குறைக்க முடியும். மரக்காலை மாற்றாமல் குவியலைச் சிறிதாக்குவது போல. ஜிஎஸ்டி மன்றத்தில் மாநிலங்களுக்கு உட்கார இடம் உண்டு, அது முன்னேற்றம்தான். எனினும் மையத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும் என்றிருப்பதால் மையம் விரும்பாத எதுவும் அங்கே நிறைவேறாது. இதைக் குறைசொல்லும் மாநில அரசுகள் தம் ஊராட்சிகளை எப்படி நடத்துகின்றன என்றும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2016-இல் நடக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான், அதுவும் எல்லா மாவட்டங்களிலும் அன்றி, நடந்தது. இடையில் தனி அலுவலர்கள் ஆண்டார்கள்.

இப்போது உங்கள் மேட்டூர்ச் சாவிக்கு வருகிறேன். 93.47 டிஎம்சி கொள்ளும் அணையின் மதகை ஊருக்கு ஒரு சாவி என்று பிரித்துக் கொடுத்தால் தலைமடை ஊர்கள் ஆடியில் மூழ்கும், கடைமடை ஊர்கள் ஐப்பசியில் காயும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரியும் இடத்திலும் ஒரே கைதான் இருக்க முடியும். தண்ணீர் குறைந்தால் முறைவைத்து விடுவதற்கும் யாராவது ஒருவர்தான் உத்தரவிட வேண்டும். ஆற்று நீரில் அதிகாரம் குவிவது தண்ணீரின் இயல்பிலிருந்தே வருகிறது.

ஆனால் மாநிலங்களுக்கிடையே என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். காவிரி நீர் குறித்த 1924-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் முக்கியமான பகுதிகளை 50 ஆண்டுகளுக்குப் பின் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருந்து, பேச்சு முறிந்து, 1990-இல் நடுவர் மன்றம் அமைந்து, 2007-இல் இறுதித் தீர்ப்பு வந்து, 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி வர வேண்டும் என்றது. மதகு இன்றும் மேல்மாநிலமான கர்நாடகத்திடம்தான் இருக்கிறது. அதை யாரும் பறிக்கவில்லை. ஆனால் ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாதவாரியாக எழுதிவைத்திருக்கிறார்கள். பிலிகுண்டுலுவில் வரும் நீரை அளப்பது கர்நாடகமும் அன்று, தமிழ்நாடும் அன்று, மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம். குறைந்தால் எவ்வளவு குறைந்தது என்பதில் இரு தரப்புக்கும் தகராறு இல்லை. மழை பொய்த்த ஆண்டில் அந்தப் பற்றாக்குறையை எந்த விகிதத்தில் தாங்குவது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் சண்டை வருகிறது. விகிதப்படி குறைத்துக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரிக்கு மேல் அங்கே தெளிவான சூத்திரம் எழுதப்படவில்லை. எழுதப்பட்ட மாதக்கணக்குக்குக் கிடைக்கும் மரியாதையையும் எழுதப்படாத இடத்தில் வெடிக்கும் சண்டையையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு ஒரு பாதி விடை கிடைத்துவிடும்.

மறுபாதி கல்லணைக்குக் கீழே இருக்கிறது. பிலிகுண்டுலுவில் வினாடிக்கு எத்தனை கன அடி என்று நாளிதழில் படித்துத் தெரிந்துகொள்ளும் வேதாரண்யத்து விவசாயி, தன் வாய்க்காலுக்குத் தண்ணீர் பிரியும் கடைசி ஷட்டரில் இன்று எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்பதை மதகைக் கவனிக்கும் பாசன ஊழியரான லஸ்கரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கணக்கை அவருடைய கிராம சபையில் மாதம் ஒருமுறை படிக்கவைப்பதற்கு எந்தச் சாவியையும் யாரும் இழக்க வேண்டியதில்லை. எங்கள் தகப்பனார் காலத்தில் கண்ணாற்று மடையில் ஒரு கல் நட்டு அதில் கோடு வெட்டியிருப்பார்கள். மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்பாய்ச்சி ஒருவருடைய வேலை. வேறு யாரும் மண்வெட்டியை வைக்கக் கூடாது. ஆனால் கடைசி வயல்காரர் தினமும் காலையில் வரப்பில் நடந்துவந்து, தண்ணீர் கோட்டைத் தொட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போவார். அதை யாரும் தடுத்ததாக எனக்கு நினைவில்லை.